முகத்துக்கும் பூவுக்கும் ஒரே பிரைம் லென்ஸ்: குறைஞ்ச செலவில் எதை எடுக்கலாம்?

வெளிச்சக்கீற்று:

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது கேனான் கிராப் சென்சார் பாடியும் (சென்சார் ஃபுல் ஃபிரேமைவிட, அதாவது 35 மிமீ ஃபிலிம் அளவைவிடச் சின்னது) அதோட வந்த 18-55 ஐஎஸ் எஸ்டிஎம் கிட் லென்ஸும்தான். இப்போ முதல் பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ், வாங்கணும்னு இருக்கேன்.

நான் எடுக்கிறது ரெண்டே விஷயம். ஒண்ணு மனுஷங்க முகம்: அக்கா பையன், தாத்தா, நண்பர்கள். பெரும்பாலும் வீட்டுக்குள்ளதான், ஜன்னல் வெளிச்சத்துல. இன்னொண்ணு சின்னச் சின்னப் பொருள்: பூ, இலை நரம்பு, பொறிவண்டு, எறும்பு. யாரைக் கேட்டாலும் "50 எஃப் 1.8 வாங்கு, வேற எதையும் யோசிக்காதே"ன்னு சொல்றாங்க. அந்த ஒரு லென்ஸே ரெண்டுக்கும் போதுமா? 85 நல்லதா? இல்ல, மேக்ரோ லென்ஸ் (ரொம்பக் கிட்டப் போய்ச் சின்னதைப் பெருசா எடுக்கிறது) எடுத்து அதுலயே முகமும் எடுக்கலாமா? கையில இருக்கிற பணத்துக்கு ஒரு லென்ஸ்தான் வரும். பழசு வாங்கவும் தயார்.

ஐம்பதுமிமீ:

நானும் அதையேதான் சொல்லப் போறேன். 50 எஃப் 1.8 எஸ்டிஎம் (எஸ்டிஎம்ங்கிறது ஃபோகஸ் மோட்டார் வகை). காரணத்தோட சொல்றேன்.

உங்க கிட் லென்ஸ் 55-ல எஃப் 5.6. இது எஃப் 1.8. எஃப் எண் சின்னதானா வெளிச்சம் வர்ற துவாரம் பெருசு. உள்ளே வர்ற வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு கூடும். ஜன்னல் ஓரத்துல இப்போ ஐஎஸ்ஓ (சென்சார் உணர்திறன்) 3200 வச்சு எடுக்கிற படத்தை 400-க்குள்ள எடுத்துடலாம். குழந்தை ஒரு இடத்துல நிக்காது, அதனால இந்த வித்தியாசம் முதல் நாளே தெரியும். கிராப் சென்சாருல 50ங்கிறது ஃபுல் ஃபிரேம் கணக்குல 80 மிமீ பார்வை, போர்ட்ரெய்டுக்குத் தோதான இடம்.

பழசு தேடினா ரெண்டு வகை கண்ணுல படும். 1990-ல வந்த பழைய மாடல் பிளாஸ்டிக் மவுன்ட், அபெர்ச்சர் (அந்தத் துவாரம்) பிளேடு அஞ்சுதான், பின்னால இருக்கிற விளக்குப் புள்ளியெல்லாம் ஐங்கோணமா விழும். 2015-ல வந்த எஸ்டிஎம்-ல மவுன்ட் உலோகம், பிளேடு ஏழு, கிட்ட 35 செ.மீ வரைக்கும் ஃபோகஸ் ஆகும் (பழசு 45). விலை வித்தியாசம் கொஞ்சம்தான், எஸ்டிஎம்-ஐயே எடுங்க.

நுண்நோக்கு:

அவர் கேட்ட கேள்வியில் பாதிக்குத்தான் மேலே பதில் இருக்கிறது. பூவும் எறும்பும் எங்கே போயின?

லென்ஸ் வாங்கும்போது எல்லோரும் எஃப் எண்ணைப் பார்க்கிறார்கள். க்ளோசப் எடுக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அதிகபட்ச உருப்பெருக்கம் என்ற எண், அதாவது பொருள் தன் அளவில் எத்தனை பங்காகச் சென்சாரில் விழும் என்பது. லென்ஸின் விவரப் பட்டியலில் கடைசி வரிகளில் எங்காவது இருக்கும். 50 எஸ்டிஎம்-க்கு அது 0.21. உங்கள் கையில் இருக்கும் 18-55 ஐஎஸ் எஸ்டிஎம்-க்கு 0.36!

கேனான் கிராப் சென்சாரின் அகலம் சுமார் 22 மிமீ. அதை உருப்பெருக்கத்தால் வகுத்தால், ஃபிரேமை நிரப்பும் பொருளின் அகலம் கிடைக்கும். 50-இல் 10.6 செ.மீ. கிட் லென்ஸில் 6.2 செ.மீ. அதாவது 50 எஃப் 1.8 வாங்கினால் பூவை இப்போது எடுப்பதைவிடச் சிறியதாகத்தான் எடுப்பீர்கள். பின்னணி அழகாகக் கரையும், உண்மைதான். ஆனால் பூ சிறிதாகிவிடும். பொறிவண்டு ஒரு புள்ளி.

85 எஃப் 1.8 இதில் இன்னும் மோசம். 1992 முதல் இருக்கும் நல்ல லென்ஸ் அது, முகத்துக்கு அருமை. ஆனால் 85 செ.மீ-க்குள் ஃபோகஸ் ஆகாது, உருப்பெருக்கம் 0.13. உங்கள் சென்சாரில் 17 செ.மீ அகலம். பெரிய செம்பருத்திப் பூகூட ஃபிரேமை நிரப்பாது.

என் தேர்வு கேனான் இஎஃப்-எஸ் (கிராப் பாடிக்கான வகை) 60 எஃப் 2.8 மேக்ரோ, பழசாக. 2005-இல் வந்தது, 1:1 வரை போகும், அதாவது 22 மிமீ அகலமுள்ள பொருள் முழு ஃபிரேமையும் நிரப்பும். முகத்துக்கு ஃபுல் ஃபிரேம் கணக்கில் 96 மிமீ. ஃபிலிம் காலத்திலிருந்தே 85 முதல் 105 வரையில்தான் முகம் எடுப்பார்கள். நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே குழலில் இருக்கிறது.

ஐம்பதுமிமீ:

அந்த 0.36 கணக்கு சரிதான், மறுக்கலை. ஆனா 60 மேக்ரோ எஃப் 2.8. 1.8-க்கும் 2.8-க்கும் நடுவுல ஒண்ணேகால் ஸ்டாப்புக்கு மேல போகுது (ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதி). அதுல ஐஎஸ் (கை நடுக்கத்தைச் சமாளிக்கிற வசதி) வேற கிடையாது. சாயங்காலம் வீட்டுக்குள்ள ஓடுற குழந்தையை எடுக்க நான் 1.8-ஐத்தான் நம்புவேன்.

சாளரஓரம்:

நான் எடுப்பது முகம் மட்டும், அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

எஃப் 1.8 இருக்கிறது என்பதற்காக எல்லோரும் 1.8-இலேயே எடுக்கிறார்கள். கிராப் சென்சாரில் 50 வைத்து, தலையும் தோளும் வரும்படி நிறுத்தினால் ஆள் சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளி இருப்பார். அந்தத் தூரத்தில் 1.8-க்கு டெப்த் ஆஃப் ஃபீல்டு, அதாவது கூர்மையாகத் தெரியும் ஆழம், மொத்தமே 6 செ.மீ. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அதற்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று. தாத்தா லேசாகத் தலை திருப்பி உட்கார்ந்தால் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் கரைந்தும் இருக்கும். 2.8-க்கு வந்தால் ஏறக்குறைய 10 செ.மீ ஆகிவிடும்: இரண்டு கண், மூக்கு, உதடு எல்லாம் உள்ளே, காது மட்டும் மெல்லக் கரையும். போர்ட்ரெய்டில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். 1.8 வைத்திருப்பவர்களே கொஞ்ச நாளில் 2.5, 2.8 என்று இறங்கி வருவதைப் பார்க்கிறேன். ஆகவே முகத்துக்கு 60 எஃப் 2.8 குறைச்சல் என்று யாரும் சொன்னால் ஒப்ப மாட்டேன்.

வெளிச்சம் போதாத நேரம் வேறு விஷயம், அங்கே ஐம்பதுமிமீ சொல்வது சரி.

இன்னொன்று, எல்லோரும் "85-இல் முகம் அழகாக வரும்" என்று லென்ஸுக்கு ஒரு குணம் இருப்பதுபோலச் சொல்வார்கள். முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம் மட்டுமே. மூக்கு நுனி காதைவிடச் சுமார் 10 செ.மீ முன்னால் இருக்கிறது. அரை மீட்டரில் நின்று எடுத்தால் காதோடு ஒப்பிடும்போது மூக்கு ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகப் பதியும், காது பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒன்றரை மீட்டரில் அந்த வித்தியாசம் 7 சதவீதத்துக்கு வந்துவிடும். இரண்டரை மீட்டரில் 4. கண்ணுக்குப் பெரிய மாற்றம் தெரிவது முதல் தாவலில்தான். நீளமான லென்ஸ் செய்வதெல்லாம் உங்களைப் பின்னால் போக வைப்பதுதான்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. கிராப் சென்சாரில் 85 வைத்துத் தலை, தோள் எடுக்க இரண்டரை மீட்டர் பின்னால் போக வேண்டும். அவருக்குப் பின்னால் சுவர் ஒட்டாமல் ஒரு மீட்டராவது இடம் வேண்டும். உங்கள் முதுகுக்கும் இடம் வேண்டும். சாதாரண அறையில் இது நடக்காது. வீட்டுக்குள் எடுப்பவருக்கு 50 அல்லது 60தான் சரி.

வெளிச்சக்கீற்று:

0.36 விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. உடனே கிட் லென்ஸை 55-ல வச்சு ஒரு ஸ்கேலைக் கிட்ட வச்சுப் பார்த்தேன், ஆறு செ.மீ சொச்சம் தெரியுது. நன்றி!

ரெண்டு சந்தேகம். மேக்ரோ லென்ஸ் ரொம்ப ஷார்ப், முகத்துல இருக்கிற ஒவ்வொரு துளையையும் காட்டிக் கொடுத்துடும்னு சொல்றாங்களே? அப்புறம், 50 எஃப் 1.8 வாங்கி எக்ஸ்டென்ஷன் ட்யூப் (பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவுல வர்ற வளையம்) மாட்டினா மேக்ரோ ஆயிடும்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். அது செலவு குறைவா முடியுமே?

கறுப்புவெள்ளை:

முதல் சந்தேகத்துக்கு என் பதில்: அந்தப் பேச்சை விட்டுத் தள்ளுங்க. தோலோட மேடு பள்ளத்தைக் காட்டுறது பக்கவாட்டுல இருந்து வர்ற கடுமையான வெளிச்சம். ஜன்னலுக்கு ஒரு வெள்ளைத் திரை போட்டு ஆளைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமாத் திருப்பினா எந்த மேக்ரோவும் யாரையும் அசிங்கமாக் காட்டாது. 50 எஃப் 1.8-ஐ எஃப் 4-க்கு மூடினா அதுவும் அதே அளவு ஷார்ப்தான், அதை யாரும் குறையாச் சொல்றதில்லையே. எனக்குத் தாத்தா பாட்டிகளை எடுக்க மேக்ரோதான் பிடிக்கும். கண்ணைச் சுத்தி இருக்கிற கோடு, புருவத்துல ஒவ்வொரு நரை முடியும் தனித்தனியாத் தெரியும்.

மேக்ரோவுல நிஜமான குறை வேற. ஃபோகஸ் வளையம் ஓட வேண்டிய பயணம் நீளம். வெளிச்சம் குறைஞ்ச இடத்துல ஆட்டோஃபோகஸ் பிடி கிடைக்காம ஒரு முனையிலேர்ந்து மறுமுனைக்குப் போயிட்டுத் திரும்பி வரும், அதுக்குள்ள குழந்தை சிரிச்சு முடிச்சிருக்கும். 100 மேக்ரோ, டாம்ரான் 90 மாதிரி சிலதுல ஃபோகஸ் லிமிட்டர் சுவிட்ச் இருக்கு, தூரத்தை மட்டும் தேடச் சொல்லலாம். 60-ல அந்த சுவிட்ச் கிடையாது. வாங்குறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

தட்டான்பூச்சி:

ட்யூப் பத்தி நான் சொல்றேன், என் பூச்சிப் படமெல்லாம் ட்யூப்புலதான் ஆரம்பிச்சது.

கணக்கு சுலபம். ட்யூப் நீளத்தை லென்ஸோட குவிய நீளத்தால (50, 60ங்கிற அந்த எண்) வகுத்தா எவ்வளவு உருப்பெருக்கம் கூடும்னு வந்துடும். 50-ல 25 மிமீ ட்யூப் போட்டா 0.5 கூடும். லென்ஸோட சொந்த 0.21-ஐயும் சேர்த்தா 0.7. பொறிவண்டுக்குத் தாராளம். ட்யூப்புக்குள்ள கண்ணாடியே கிடையாது, வெறும் காத்துதான், அதனால லென்ஸோட தரம் கெட்டுப் போறதுக்கு அங்க எதுவும் இல்ல. ஆனா லென்ஸை அது வடிவமைச்ச தூரத்தை விட்டு வெளியே இழுக்கிறோம், அதனால மூலைகள் கொஞ்சம் மங்கும். பூச்சிக்கு மூலை யாருக்கு வேணும்.

மின் இணைப்புப் புள்ளி இருக்கிற ட்யூப்பை மட்டும் வாங்குங்க. ரொம்ப மலிவா வர்றது வெறும் உலோக வளையம். கேனான் லென்ஸுல அபெர்ச்சரைத் திறந்து மூடுறது மின்சாரம்தான். இணைப்பு இல்லைன்னா எஃப் 1.8-லயே நின்னுடும். எஸ்டிஎம்-ல இன்னும் ஒரு படி மேல: மேனுவல் ஃபோகஸ் வளையம்கூட மோட்டார் வழியாத்தான் வேலை செய்யுது, அதனால வளையத்தைச் சுத்தினாலும் எதுவும் அசையாது.

சிரமம் எங்க தெரியுமா? ட்யூப் போட்டதும் தூரத்துல எதுவுமே ஃபோகஸ் ஆகாது. பூவை எடுத்துட்டு இருக்கும்போது பக்கத்துல குழந்தை வந்து எட்டிப் பார்த்தா, கழட்டி மாட்டுறதுக்குள்ள அந்த முகம் போயிடும். வெளியில கழட்டி மாட்டுறப்ப சென்சாருல தூசியும் ஏறும்.

இதுக்கு முன்னாடி ஒண்ணு முயற்சி பண்ணிப் பாருங்களேன். ரேனாக்ஸ் டிசிஆர்-250னு ஒரு க்ளோசப் லென்ஸ், 8 டயாப்டர் (பூதக்கண்ணாடியோட பவர் அளவு). லென்ஸ் முன்னால கிளிப் மாதிரி மாட்டுறது. 52-லேர்ந்து 67 மிமீ வரைக்கும் இருக்கிற ஃபில்டர் மரையில உட்காரும். உங்க கிட் லென்ஸ் 58, அப்படியே மாட்டிக்கலாம், 55-ல கிட்டத்தட்ட 0.4 கூடும். 50 எஸ்டிஎம்-ல மரை 49, ஒரு ஸ்டெப்-அப் ரிங் (சின்ன மரையைப் பெருசாக்குற வளையம்) தேவைப்படும். ரெண்டு விரலால அழுத்தினா கையோட வந்துடும், முகத்துக்குத் திரும்புறது ஒரு நொடி வேலை.

நுண்நோக்கு:

ரேனாக்ஸ் நல்ல யோசனை. ட்யூப் பற்றிச் சொன்னதும் முழுக்கச் சரி. பூச்சி எடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய தூரக் கணக்கை மட்டும் சேர்க்கிறேன்.

விவரப் பட்டியலில் "குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 20 செ.மீ" என்று போட்டிருந்தால், அது லென்ஸின் முன்விளிம்பிலிருந்து அளந்தது அல்ல, சென்சாரிலிருந்து. கேமராவின் மேல் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் பொறித்திருக்கும், அந்தக் கோடுதான் சென்சார் இருக்கும் இடம். 60 மேக்ரோவில் 1:1-இல் அந்த 20 செ.மீ-இல் பாடியும் லென்ஸும் பாதியை எடுத்துக்கொள்ளும். பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மிஞ்சுவது 9, 10 செ.மீ. 100 மேக்ரோவில் அது 15 செ.மீ அளவு. எறும்பு, பொறிவண்டு 10 செ.மீ-க்குப் பொறுக்கும். தட்டானும் பட்டாம்பூச்சியும் பறந்துவிடும். ஆனால் தட்டானுக்கு 1:1 தேவையே இல்லை, அது ஆறேழு செ.மீ அகலம்.

நிக்கான்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: 2011-இல் வந்த 40 எஃப் 2.8 மைக்ரோ மலிவானது, கூர்மையானது, ஆனால் 1:1-க்கு சென்சாரிலிருந்து 16.3 செ.மீ-க்கு வர வேண்டும். லென்ஸுக்கு முன்னால் மிஞ்சுவது ஒரு சில செ.மீ. லென்ஸின் நிழலே பொருள்மேல் விழும். கேனானின் 35 மேக்ரோவுக்கும் அதே பிரச்சினைதான், அதனால்தான் 2017-இல் வந்தபோது லென்ஸின் முன்விளிம்பிலேயே விளக்கு வைத்தார்கள். பூவுக்கும் மோதிரத்துக்கும் இவை போதும். பூச்சிக்கும் முகத்துக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு உண்மையும் முன்கூட்டியே தெரிய வேண்டும். 1:1-இல் எஃப் 2.8 வைத்தால் டெப்த் ஆஃப் ஃபீல்டு 0.2 மிமீ. எஃப் 11-க்கு மூடினாலும் ஒரு மிமீ-க்குக் கீழ்தான். எறும்பின் கண் கூர்மையாக இருந்தால் அதன் உணர்கொம்பின் நுனி கரைந்திருக்கும். தவிர, 1:1-இல் லென்ஸ் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிவிடும், எஃப் 11 என்று போட்டால் சென்சாருக்கு எஃப் 22. அதற்கு மேல் மூடினால், சின்னத் துவாரத்தில் ஒளி சிதறிப் பரவும் டிஃப்ராக்‌ஷனால் படமே மொழுக்கென்று ஆகிவிடும். ஆகவே க்ளோசப்பில் எஃப் 1.8-க்கு வேலையே இல்லை. அங்கே வெளிச்சம் தருவது ஃப்ளாஷ். பாடியில் இருக்கும் சின்ன ஃப்ளாஷுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வளைத்து லென்ஸ் முனைவரை நீட்டிக் கட்டினாலே எறும்பின் முதுகில் மென்மையான வெளிச்சம் விழும்.

கறுப்புவெள்ளை:

நிக்கான் பேச்சு வந்ததால ஒண்ணு. டி3000, டி5000 வரிசை பாடிகள்ல ஃபோகஸ் மோட்டார் கிடையாது. உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மலிவாக் கிடைக்குதேன்னு வாங்கினா கையாலதான் ஃபோகஸ் பண்ணணும். ஏஎஃப்-எஸ்னு எழுதியிருக்கான்னு பார்த்து வாங்குங்க.

சாளரஓரம்:

வெளிச்சக்கீற்று, வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பழைய க்ளோசப் படங்களை எடுத்து, நீங்கள் எடுக்க ஆசைப்பட்ட பொருளின் அகலத்தைக் குறித்துப் பாருங்கள். பூ என்றால் ஐந்து செ.மீ இருக்கும், அதற்கு 0.4 போதும், கிட் லென்ஸே கிட்டத்தட்ட எட்டும் தூரம். பொறிவண்டு ஒரு செ.மீ-க்கும் குறைவு. எறும்பு ஐந்து மிமீ, 1:1-இல்கூட ஃபிரேமில் கால்வாசிதான் வரும். உங்கள் படங்களில் பூவே அதிகம் என்றால் மேக்ரோவுக்காகச் செலவழிக்க வேண்டாம், 50-உம் ரேனாக்ஸும் போதும். பூச்சி அதிகம் என்றால் நுண்நோக்கு சொன்னதைக் கேளுங்கள்.

கூடவே, கிட் லென்ஸை 55-இலேயே வைத்து வீட்டுக்குள் முகம் எடுத்துப் பாருங்கள். சுவரில் முதுகு இடிக்கிறதா? இடித்தால் 60-உம் இடிக்கும்.

வெளிச்சக்கீற்று:

பார்த்தேன். பூன்னு நினைச்சு எடுத்ததுல பெரும்பாலும் பூவுக்குள்ள இருக்கிற எதையோதான் துரத்தியிருக்கேன்: மகரந்தக் காம்பு, இதழ்மேல உட்கார்ந்த பச்சைப் பூச்சி, பனித்துளி. எல்லாத்தையும் கணினியில வெட்டிப் பெருசாக்கி வச்சிருக்கேன், அதனாலதான் எல்லாம் மொழுக்கென்று இருக்கு. முகத்துக்கு 55 தாராளமாப் போதுது, கூடத்துல இடமும் இருக்கு. சாயங்காலத்துக்கு மேல நான் அதிகம் எடுக்கிறதும் இல்ல.

அதனால 60 மேக்ரோ பழசுன்னு முடிவு பண்ணிட்டேன். பின்னால ஃபுல் ஃபிரேமுக்குப் போனா இது உதவாதா? பழசு வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்?

ஐம்பதுமிமீ:

உங்க படங்களுக்கு 60 சரியான முடிவு. இருட்டுல எடுக்க ஆரம்பிச்சீங்கன்னா அப்போ 50-ஐச் சேர்த்துக்கலாம், அது எப்பவும் கிடைக்கும். ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆருல இஎஃப்-எஸ் லென்ஸ் மாட்டவே மாட்டாது. கேனானோட புது வரிசையான ஆர்எஃப் மிரர்லெஸ்ஸுல அடாப்டர் வழியா மாட்டும், ஃபுல் ஃபிரேமா இருந்தா கிராப்பாத்தான் பதியும். ஃபுல் ஃபிரேம் உறுதின்னா இஎஃப் 100 மேக்ரோவோ டாம்ரான் 90-ஓ பாருங்க. ஆனா கிராப்புல அதெல்லாம் வீட்டுக்குள்ள முகத்துக்கு நீளம். வராத கேமராவுக்காக இன்னைக்கு லென்ஸ் வாங்காதீங்க.

கறுப்புவெள்ளை:

பழசு பார்க்கிற விதம்:

கைபேசி டார்ச்சைப் பின்பக்கமா வச்சு முன்னாலேர்ந்து சாய்வாப் பாருங்க, அப்புறம் திருப்பிப் பாருங்க. தூசி ரெண்டு மூணு இருந்தாப் பரவாயில்ல, எல்லா லென்ஸுலயும் இருக்கும். மெல்லிசா நூல் மாதிரி கிளை பிரிஞ்சு போனா அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைஞ்சாலும் வேண்டாம். உள்ளே முழுக்கப் புகை படிஞ்ச மாதிரி மங்கலா இருந்தாலும் வேண்டாம். முன்கண்ணாடியில ஒரு சின்னக் கீறல் படத்துல தெரியாது, பின்கண்ணாடியில கீறல்னா விட்டுடுங்க.

உங்க பாடியைக் கையோட கொண்டு போங்க. எஃப் 11 வச்சு டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ பட்டனை அழுத்திக்கிட்டே லென்ஸுக்குள்ள பாருங்க: பிளேடு டக்குன்னு மூடணும், எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. எண்ணெய் ஏறின பிளேடு தாமதமா மூடும், ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வெளிச்சத்துல வரும். நான் ஒரு தடவை பார்த்த லென்ஸ் வெளியில புதுசு மாதிரி இருந்தது, இந்தச் சோதனையிலதான் மாட்டுச்சு. அப்புறம் தூரத்துல ஒண்ணு, ரொம்பக் கிட்ட ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஆட்டோஃபோகஸ் விட்டுப் பாருங்க, நடுவுல திக்கினா மோட்டாருல பிரச்சினை. லென்ஸ் ஹூட் தனியா வாங்குறது, அது இல்லைன்னு பேரம் பேசலாம், ஆனா அதுக்காக நல்ல லென்ஸை விடாதீங்க.

தட்டான்பூச்சி:

வாழ்த்துகள்! 1:1-ல ஆட்டோஃபோகஸை அணைச்சுடுங்க. வளையத்தை ஒரு இடத்துல வச்சுட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைச்சு, பூச்சியோட கண் கூர்மையாகுற நொடியில அழுத்துங்க. முழங்கையை முட்டிமேல ஊன்றினா பாதி நடுக்கம் போயிடும். காலையில சீக்கிரம் போங்க, குளிருல பூச்சி மந்தமா இருக்கும், பனித்துளியும் அப்போதான்.

1:1-ம் போதாம எறும்போட முகம் மட்டும் வேணும்னு ஆசை வந்தா, 60-ல ஃபில்டர் மரை 52 மிமீ. ரேனாக்ஸ் ரிங் எதுவும் இல்லாம நேராவே உட்காரும், 1:1-ஐயும் தாண்டிப் போயிடலாம்.

வெளிச்சக்கீற்று:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பழைய 60 ஒண்ணு விற்பனைக்கு இருக்கு, பாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கிட்டு நேர்ல பார்க்கப் போறேன். வாங்கினதும் முதல் பச்சைப் பூச்சியையும் தாத்தா முகத்தையும் இங்கயே போடுறேன், பார்த்துட்டுக் குறையைச் சொல்லுங்க.